ஓடும் ஓலையும்

மனிதன் பேசத் தொடங்கிய காலத்தில் அவன் சொல் காற்றில் பிறந்து காற்றிலேயே மறைந்தது. அருகில் இருந்தவர் கேட்டனர். தொலைவில் இருந்தவர் கேட்டிலர். பின்னே பிறந்தவர்க்கோ அது எட்டவே இல்லை. மறைந்துபோகும் சொல்லை ஓரிடத்தில் நிறுத்திவைக்க அவன் கண்ட வழியே எழுத்து. எழுத்தின் பெருமையைப் பற்றி நாம் அடிக்கடி பேசுகின்றோம். அவ்வெழுத்தைத் தாங்கி நின்ற பொருளைப் பற்றிப் பேசுவது மிகக் குறைவு. உயிரைப் பற்றிப் பேசுவோர் உடலை மறந்துவிடுவது போன்றது இது.

இன்று மாணவர் கையில் தாளும் பேனாவும் உள்ளன. விரல் பட்ட அளவில் எழுத்துத் தோன்றும் கண்ணாடித் திரையும் பலர் கையில் உள்ளது. இவை எவையும் இல்லாத காலத்தில் நம் முன்னோரும் பிற நாட்டு மக்களும் எவற்றின்மேல் எழுதினர்? அப்பொருள்கள் எழுத்தை எவ்வாறு காத்தன? எவ்வாறு கைவிட்டன? இவற்றைப் பற்றிச் சில கூற விழைகின்றேன். இதற்காகத் தொலைநாடுகளை மட்டும் நாடிச் செல்ல வேண்டியதில்லை. அவிநாசியைச் சூழ்ந்த நம் கொங்கு நாடே இப்பாடத்திற்குத் தக்க பள்ளிக்கூடமாக அமைந்திருக்கின்றது.

முதலில் சில சொற்களைப் பார்ப்போம். நூலின் பக்கத்தை ஏடு என்றும் இதழ் என்றும் சொல்கின்றோம். கடிதத்தை மடல் என்றும் ஓலை என்றும் சொல்கின்றோம். எழுதும் காகிதத்தைத் தாள் என்கின்றோம். பூவுக்கு இதழ் உண்டு. தாழைக்கு மடல் உண்டு. பனைக்கு ஓலை உண்டு. நெல்லுக்குத் தாள் உண்டு. மரஞ்செடிகளின் உறுப்புப் பெயர்களே நூலின் உறுப்புப் பெயர்கள் ஆயின. தமிழன் எதன்மேல் எழுதினான் என்பதற்கு அவன் மொழியே சான்று கூறுகின்றது. காகிதம் என்பதோ பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. நம் பாட்டிமார் வழங்கிய கடுதாசி என்பது போர்ச்சுகீசியரோடு வந்தது. பொருள் வெளியிலிருந்து வந்தபோது பெயரும் உடன் வந்தது.

பிற மொழிகளிலும் இதே நிலைதான். ஆங்கிலத்தில் தாளைக் குறிக்கும் பேப்பர் என்னும் சொல், எகிப்து நாட்டுப் பாப்பிரசு என்னும் கோரையின் பெயரிலிருந்து வந்தது. அக்கோரைக்குக் கிரேக்கர் இட்ட பெயரிலிருந்து பைபிள் என்னும் சொல் பிறந்தது. நூலகத்தைக் குறிக்கும் லைப்ரரி என்னும் சொல், மரப்பட்டையைக் குறித்த லிபர் என்னும் இலத்தீன் சொல்லை வேராகக் கொண்டது. எந்த நாட்டில் எது எளிதில் கிடைத்ததோ அதன்மேல் அந்நாட்டார் எழுதினர். இதுவே இவ்வரலாற்றின் முதல் விதி.

யூப்ரட்டீசு, டைகிரிசு என்னும் இரண்டு ஆறுகளின் நடுவே வாழ்ந்த சுமேரியருக்குக் கல்லும் மரமும் அரியவை. களிமண்ணோ அளவின்றிக் கிடைத்தது. ஏறத்தாழ கி.மு. 3200 முதல் அவர்கள் ஈரக் களிமண் பலகையில் நாணற்குச்சியின் முனையை அழுத்தி எழுதினர். அழுத்திய இடம் ஆப்பு வடிவாகப் பதிந்தமையால் அவ்வெழுத்தை ஆப்பெழுத்து என்கின்றோம். பலகையை வெயிலில் உலர்த்தினர். முதன்மையானவற்றைச் சூளையில் சுட்டனர். கி.மு. 7ஆம் நூற்றாண்டில் அசிரியப் பேரரசன் அசுர்பனிப்பால் நினிவே நகரில் இத்தகைய பலகைகளால் ஒரு பெரிய நூலகம் அமைத்தான். கி.மு. 612-இல் பகைவர் அந்நகரைக் கைப்பற்றி எரித்தனர். ஓலையோ தாளோ ஆயின் ஒரு நாழிகையில் சாம்பலாகியிருக்கும். களிமண்ணோ தீயில் வெந்து முன்னினும் உறுதி பெற்றது. அழிக்க வந்த நெருப்பே அந்நூலகத்தைக் காத்தது என்றால் மிகையாகாது.

எகிப்தியர் நைல் ஆற்றங்கரைக் கோரையின் தண்டை நீளவாக்கில் மெல்லிய பட்டைகளாகக் கீறி, ஒரு வரிசையின்மேல் மற்றொரு வரிசையைக் குறுக்காக அடுக்கி, நனைத்து அழுத்தி, உலர்த்தி, வழவழப்பாகத் தேய்த்துச் சுருளாக்கினர். எகிப்தின் உலர்ந்த மணல் அச்சுருள்களைப் பல நூற்றாண்டுகள் கெடாமல் வைத்திருந்தது. மேற்காசியாவிலும் ஐரோப்பாவிலும் ஆடு, கன்று ஆகியவற்றின் தோலைப் பதப்படுத்தி எழுதினர். கிரேக்க, உரோமானியச் சிறுவர் மெழுகு பூசிய மரப்பலகையில் கூரிய கோலால் எழுதிப் பழகினர்; பிழைபட்டால் கோலின் தட்டையான மறுமுனையால் மெழுகைத் தடவி அழித்தனர். வடஇந்தியாவில் இமயமலைச் சாரலில் வளரும் பூர்ச்ச மரத்தின் பட்டை எழுதுபொருளாயிற்று.

சீனர் வரலாறு நமக்கு ஓர் எச்சரிக்கையும் தருகின்றது. ஏறத்தாழ கி.மு. 1200 அளவில் அவர்கள் ஆமையோட்டிலும் மாட்டின் தோள் எலும்பிலும் எழுதிக் குறி கேட்டனர். மண்ணில் புதைந்த அவ்வெலும்புகளைப் பிற்காலத்து மக்கள் 'நாக எலும்பு' என்று கருதி, இடித்துப் பொடியாக்கி மருந்தாக உண்டுவந்தனர். 1899ஆம் ஆண்டளவில்தான் அவற்றின்மேல் இருப்பவை பண்டை எழுத்துகள் என்பதை அறிஞர் கண்டனர். அதற்குமுன் எத்தனை ஏடுகள் மருந்துரலில் பொடியாயினவோ! பின்னர் அச்சீனரே மூங்கிற் பட்டையிலும் பட்டுத்துணியிலும் எழுதினர், கி.பி. 105-இல் சாய் லுன் என்னும் அரண்மனை அலுவலர் மரப்பட்டை, சணல், கந்தைத்துணி முதலியவற்றைக் கூழாக்கித் தாள் செய்யும் முறையைச் செம்மைப்படுத்தி அரசனிடம் அறிவித்தார். இன்று உலகெங்கும் வழங்கும் தாளின் வரலாறு அங்கே தொடங்குகின்றது.

இனி நம் நாட்டிற்கு வருவோம். அவிநாசியிலிருந்து கிழக்கே, சற்றுத் தெற்காகச் சென்றால் நொய்யல் ஆற்றின் வடகரையில், சென்னிமலைக்கு அருகே, கொடுமணல் என்னும் சிற்றூரை அடையலாம். சங்கநூலாகிய பதிற்றுப்பத்து இவ்வூரைக் கொடுமணம் என்று குறிக்கின்றது. இங்கே செய்த அணிகலன்களின் சிறப்பைப் பேசுகின்றது. மேலைக் கடற்கரையிலிருந்து பாலைக்காட்டுக் கணவாய் வழியாகக் கருவூர் நோக்கிச் சென்ற பெருவழியில் அமைந்த தொழில் நகரம் இது. இரும்பு உருக்கிய உலைகளும், பளிங்கு, சூதுபவளம், பச்சைமணிக்கல் ஆகியவற்றைப் பட்டைதீட்டி மணியாக்கிய பட்டறைகளும், சங்கு அறுத்த இடங்களும் இங்கே வெளிப்பட்டுள்ளன.

1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தாரும் பின்னர்ப் பிறரும் இவ்வூரில் அகழாய்வு நடத்தினர். அகழ்ந்த குழிகளில் பானையோடுகள் கூடை கூடையாகக் கிடைத்தன. அவற்றுள் 500-க்கும் மேற்பட்டவற்றில் தமிழ் பிராமி எழுத்துகள் கீறப்பட்டிருந்தன. ஆதன், பண்ணன், சம்பன் போன்ற ஆட்பெயர்கள் அவற்றில் காணப்படுகின்றன. இவற்றுள் தொன்மையானவை கி.மு. 4ஆம் நூற்றாண்டிற்கும் முற்பட்டவை என்று அகழ்ந்த அறிஞர்கள் கணிக்கின்றனர்.

இங்கே நாம் சற்று நின்று எண்ண வேண்டும். பானையில் பெயர் எழுதியவன் வரலாறு எழுத எண்ணினான் அல்லன். தன் பானை அடுத்த வீட்டாரின் பானையோடு மாறிப் போகாதிருக்க வேண்டும் என்பதே அவன் கவலை. சுட்ட பானையின் தோள்பகுதியில் ஏதோ ஒரு கூரிய கருவியால் தன் பெயரைக் கீறினான். அரசனுடைய எழுத்தரைத் தேடி அவன் போகவில்லை. ஒரு தொழில் நகரத்தில் இத்தனை பெயர்கள், இத்தனை கையெழுத்து வேறுபாடுகளோடு கிடைப்பதனால், எழுத்தறிவு அரண்மனைக்கும் துறவியர் பள்ளிக்கும் மட்டும் உரியதாக இல்லாமல், வணிகரிடத்தும் தொழிலாளரிடத்தும் பரவியிருந்தது என்று அறிகின்றோம். இச்செய்தியை எந்தப் பெருங்காப்பியமும் நமக்கு இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை. உடைந்த ஓடு சொல்கின்றது. பானை உடைந்தால் அடுப்பங்கரைக்கு அது பயன்படாது. எழுத்துக்கோ கேடில்லை. சுட்ட மண்ணைக் கறையான் அரிப்பதில்லை; மழை கரைப்பதில்லை.

இந்த ஓடுகள் கடல் கடந்தும் சென்றன. எகிப்து நாட்டுச் செங்கடற் கரையில் குசேர் அல் காதிம் என்னும் பழந்துறைமுகத்தில் ஒரு பானையோடு கிடைத்தது. அதில் தமிழ் பிராமி எழுத்தில் 'பானை ஒறி' என்று பொறித்திருந்தது. ஒறி என்பது நாம் இன்று உறி என்று வழங்கும் சொல்லேயாம். இதற்கு எதிர்மாறான மற்றொரு சான்றும் உண்டு. எகிப்தில் கிடைத்து, வியன்னா நகரில் வைக்கப்பெற்று, 1985-இல் அறிஞர் வெளியிட்ட கி.பி. 2ஆம் நூற்றாண்டுப் பாப்பிரசுத் தாள் ஒன்று நம் முசிறித் துறைமுகத்தோடு நடந்த வாணிகத்தின் கடன் உடன்படிக்கையைக் கூறுகின்றது; அதன் மறுபக்கத்தில் எர்மப்பொல்லோன் என்னும் கப்பல் ஏற்றிவந்த சரக்குகளின் கணக்கு உள்ளது. தமிழன் தன் மண்ணோட்டோடு எகிப்து சென்றான். எகிப்தியன் தன் கோரைத்தாளில் தமிழகத் துறைமுகத்தை எழுதினான். ஒவ்வொருவனும் தன் நாட்டு எழுதுபொருளைக் கொண்டே மற்றவன் நாட்டை நினைவில் வைத்தான்.

கொடுமணலிலிருந்து இன்னும் கிழக்கே சென்றால் அறச்சலூர் வருகின்றது. அங்குள்ள நாகமலைக் குகையில் பாறைமேல் வியப்பான ஓர் எழுத்தமைதி உண்டு. வரிக்கு ஐந்து அசைகளாக ஐந்து வரிகள். இடமிருந்து வலமாகப் படித்தாலும், மேலிருந்து கீழாகப் படித்தாலும் ஒன்றாகவே வரும்படி தாளச்சொற்கள் அடுக்கப்பட்டுள்ளன. இவ்வெழுத்துகளை அமைத்தவன் தேவன் சாத்தன் என்னும் மணிவண்ணக்கன் என்று அக்குகையே தெரிவிக்கின்றது. வண்ணக்கன் என்பவன் மணியையும் பொன்னையும் சோதித்துத் தரம் காண்பவன். ஆடலுக்குரிய தாளம் காற்றோடு போகும் பொருள். அதனைப் பாறையில் நிறுத்த அவன் விரும்பினான். மேலும் கிழக்கே புகளூர் ஆறுநாட்டார் மலையில், சமண முனிவர்க்குச் சேரர் குடியினர் செய்தளித்த கற்படுக்கையின் அருகே, சேர மன்னர் மூன்று தலைமுறையினரின் பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. பதிற்றுப்பத்தின் மன்னர்களைக் கல்லிலும் கண்டறிய இக்கல்வெட்டு அறிஞர்களுக்குப் பெரிதும் துணைசெய்தது.

ஓட்டில் எழுதுபவன் இன்றைய தேவைக்கு எழுதுகின்றான். கல்லில் எழுதுபவன் சந்திரரும் சூரியரும் உள்ளளவும் நிற்க வேண்டும் என்று எழுதுகின்றான். நம் கோயிற் சுவர்கள் இவ்வாறு ஆவணங்களாயின. அவிநாசித் திருக்கோயிலிலும் கொங்குச் சோழர் முதலிய பல மரபினர் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. அவை இவ்வூரைத் திருப்புக்கொளியூர் என்னும் பழம்பெயரோடு சுட்டுகின்றன.

கல்வெட்டு என்றால் அரசர் புகழ் மட்டுமே என்று மாணவர் எண்ணிவிடக் கூடாது. கருவூர்ப் பசுபதீசுவரர் கோயிலில் ஒரு கல்வெட்டு உள்ளது. கோனேரின்மைகொண்டான் என்னும் பட்டப்பெயருடைய அரசன் வெங்கால நாட்டுக் கம்மாளர்க்கு விடுத்த ஆணை அது. அவர்கள் தங்கள் நன்மை தீமைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதிக்கொள்ளலாம், பேரிகை கொட்டிக்கொள்ளலாம், வெளியே செல்லும்போது செருப்பு அணியலாம், வீடுகளுக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம் என்று அரசன் உரிமை அளிக்கின்றான். செருப்பு அணிவதற்கும் வீட்டுச் சுவரைப் பூசுவதற்கும் அரசாணை வேண்டியிருந்த காலம் அது. அவ்வுரிமையைப் பெற்றவர்கள் அதனை நினைவில் மட்டும் வைத்திருந்தால் அடுத்த தலைமுறையில் எவரேனும் மறுத்திருக்கலாம். கல்லில் வெட்டியதை எவர் மறுக்க இயலும்? எழுதுபொருளின் உறுதி இங்கே மக்களின் உரிமைக்கு உறுதியாயிற்று.

ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கல்லில் வெட்டிய ஆணை முதலில் கல்லில் பிறந்ததன்று. சோழர் ஆட்சியில் அரசன் வாய்மொழியாகக் கூறியதை ஓலை எழுதும் அலுவலர் ஓலையில் எழுதுவர். ஓலைநாயகம் அதனை ஒப்பிட்டுப் பார்த்து ஒப்புவான். வரிக்கணக்குப் புத்தகத்தில் அது பதிவாகும். பின்னர் ஊராருக்குத் திருமுகமாகச் செல்லும். அதன் பின்னரே கல்லிலும் செம்பிலும் வெட்டுவர். முதலாம் இராசேந்திரன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடு 31 செப்பிதழ்களை உடையது. 1905-இல் கிடைத்த அவ்விதழ்களை ஒரு வளையத்தில் கோத்து அரசமுத்திரை இட்டிருந்தனர். செம்பிலே எழுதினாலும் அதன் நீண்ட வடிவமும், துளையிட்டுக் கோத்த முறையும் ஓலைச்சுவடியையே ஒத்திருத்தலைக் காண்க. கல்லுக்கும் செம்புக்கும் தாய் ஓலையே.

இனி அந்த ஓலையைப் பற்றிச் சற்று விரிவாகப் பார்ப்போம். எழுதுவதற்கு எல்லா ஓலையும் உதவாது. இளங்குருத்து சுருங்கும், முற்றிய ஓலை முறியும். இரண்டிற்கும் இடைப்பட்ட பதத்தில் வெட்டி, நடுவேயுள்ள ஈர்க்கை நீக்கி, நிழலில் உலர்த்துவர். பின்னர் நீரிலோ மஞ்சள் கலந்த நீரிலோ வேகவைத்து மீண்டும் உலர்த்துவர். வழவழப்பான கல்லாலோ சங்காலோ மேற்புறத்தைத் தேய்ப்பர். ஒரே அளவாக நறுக்கித் துளையிட்டு, கயிறு கோத்து, மேலும் கீழும் மரச்சட்டம் வைத்துக் கட்டுவர். இவ்வாறு அமைந்ததே சுவடி. நாட்டுப் பனையின் ஓலை தடிப்பானது. தாளிப்பனையின் ஓலை அகன்றும் மென்மையாகவும் இருக்கும்.

எழுதும் கருவி எழுத்தாணி. தலையில் குண்டுடையது குண்டெழுத்தாணி. ஒரு முனையில் ஓலை வாருவதற்குரிய கத்தி அமைந்தது வாரெழுத்தாணி. கத்தியோடு மடக்கி வைக்கத்தக்கது மடக்கெழுத்தாணி. எழுதுபவர் ஓலையை இடக்கையில் ஏந்தி, இடக்கைப் பெருவிரலை எழுத்தாணிக்கு அணையாக நிறுத்தி எழுதுவார். தாளில் எழுதும்போது கை நகர்கின்றது. ஓலையில் எழுதும்போதோ பெரும்பாலும் ஓலையே நகர்கின்றது. கீறிய எழுத்து முதலில் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாது. கரியையும், வசம்பைச் சுட்ட பொடியையும், மணத்தக்காளி, ஊமத்தை போன்றவற்றின் இலைச்சாற்றையும் தடவித் துடைத்தால், மை கீற்றினுள் தங்கி எழுத்துப் பளிச்சென்று விளங்கும். இதனை மையாடுதல் என்பர். வசம்பும் மஞ்சளும் பூச்சியை விலக்கும். எழுத்தை விளக்கிய பொருளே ஏட்டையும் காத்தது. சுவடிகளை அடுப்பங்கரைப் புகை படும் பரணில் வைத்ததும் பூச்சிக்கு அஞ்சியே.

சிறுவர் நேரே ஓலைக்கு வரவில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகினர். எழுதவும் எளிது, அழிக்கவும் எளிது, செலவோ இல்லை. சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்பவர் நம் சிறுவர் மணலில் எழுதுவதைக் கண்டு, அதனைத் தம் பள்ளியில் கைக்கொண்டார். மூத்த மாணவர் இளைய மாணவர்க்குக் கற்பிக்கும் தம் முறையைப் பற்றி அவர் 1797-இல் இலண்டனில் ஒரு நூல் வெளியிட்டார். அதன் பயனாக இங்கிலாந்துப் பள்ளிகளிலும் ஏழைச் சிறுவர் மணற்பலகையில் எழுதினர்.

எழுதுபொருள் எழுத்தின் உருவையும் மாற்றியது. ஓலையின் நரம்பு நீளவாக்கில் ஓடுவதால் அவ்வழியே நேர்கோடு இழுத்தால் ஓலை பிளக்கும். நம் எழுத்துகள் வளைந்தும் சுழித்தும் அமைந்ததற்கு இதனை ஒரு காரணமாகக் கூறுவர். புள்ளி குத்தினால் துளை விழும் என்பதனால் பெரும்பாலான சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு இல்லை; காலும் ரகரமும் ஒன்றுபோல் தோன்றும். சொற்களுக்கிடையே இடமும் இல்லை. செய்யுளையும் அடி பிரிக்காமல் உரைநடைபோலத் தொடர்ந்து எழுதியிருப்பர். இன்று அச்சில் அடியும் சீரும் பிரித்துத் தரும் பாடலைப் படிக்கவே சிலர் தயங்குகின்றனர். அன்று ஏடு பார்த்து எழுதியவரின் உழைப்பை இதனால் உணரலாம்.

நம் வாழ்வில் ஓலை பெற்றிருந்த இடத்தைச் சேக்கிழார் காட்டும் ஒரு நிகழ்ச்சி தெளிவாக்கும். சுந்தரமூர்த்தி நாயனாரின் திருமணப் பந்தலில் ஒரு முதியவர் வந்து நின்று, 'இவன் எனக்கு அடிமை. இவன் பாட்டன் எழுதித் தந்த ஓலை இதோ' என்று வழக்குத் தொடுக்கின்றார். சுந்தரர் அதனைப் பிடுங்கிக் கிழித்துவிடுகின்றார். வழக்குத் திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் செல்கின்றது. கிழிந்தது படி ஓலை என்றும், மூல ஓலை தம்மிடம் உள்ளது என்றும் முதியவர் அங்கே கூறுகின்றார். அவையோர் மூல ஓலையைக் கணக்கரைக் கொண்டு படிப்பிக்கின்றனர். பாட்டனார் கைப்பட எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிடத்திலிருந்து வருவித்து, இரண்டின் எழுத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கின்றனர். பின்னரே தீர்ப்பு வருகின்றது. வந்தவர் இறைவன் என்பது பக்தி வரலாறு. எழுதுபொருள் வரலாற்றை நாடும் நமக்கோ இதனுள் வேறொரு செல்வம் கிடைக்கின்றது. மூலமும் படியும் தனித்தனியே வைத்தல், ஆவணக் காப்பிடம், கையெழுத்தை ஒப்புநோக்கல் ஆகிய எல்லாம் 12ஆம் நூற்றாண்டிலேயே தமிழர் நன்கறிந்த வழக்கங்கள் என்பது புலனாகின்றது.

அச்சுந்தரரே பிற்காலத்தில் அவிநாசிக்கு வந்து, முதலை உண்ட பிள்ளையை மீட்கப் பதிகம் பாடினார் என்பது நம் கொங்கு நாட்டார் அனைவரும் அறிந்த வரலாறு. அப்பதிகம் நம் கைக்கு எவ்வாறு வந்தது? தேவார ஏடுகள் தில்லைக் கோயிலில் ஓர் அறையில் பூட்டிக் கிடந்தன என்றும், அரசனும் நம்பியாண்டார் நம்பியும் அறையைத் திறந்தபோது ஏடுகளைப் புற்று மூடியிருந்தது என்றும், எண்ணெய் சொரிந்து புற்றை நீக்கி, கறையான் அரித்தவை போக எஞ்சியவற்றையே எடுத்தனர் என்றும் திருமுறை கண்ட புராணம் கூறுகின்றது. சுந்தரர் பாடியவற்றுள் இன்று நமக்குக் கிடைப்பவை நூறு பதிகங்கள் அளவினவே. அவற்றுள் ஒன்றாக அவிநாசிப் பதிகம் தப்பியது நம் நற்பேறு.

இப்போது முன்பு கண்ட கொடுமணலை மீண்டும் நினைவுகூருங்கள். அவ்வூரைப் பாடும் பதிற்றுப்பத்து, பெயருக்கேற்பப் பத்துப் புலவர் பாடிய நூறு பாடல்களை உடையதாக இருந்தது. டாக்டர் உ.வே. சாமிநாதையர் அதனை 1904-இல் பதிப்பித்தபோது முதற்பத்தும் பத்தாம்பத்தும் கிடைக்கவில்லை. இன்றளவும் முழுமையாகக் கிடைக்கவில்லை. பழைய உரைகளில் மேற்கோளாக வந்த சில பாடல்களும் அடிகளுமே உள்ளன. சேர மன்னரைப் புலவர் பாடிய பாடல்கள் அழிந்தன. அம்மன்னர் காலத்தில் கொடுமணலில் வாழ்ந்த ஒருவன் தன் பானையில் கீறிய பெயர் அழியவில்லை. புலவர் பாட்டின் பெருமையில் குறையொன்றுமில்லை. அப்பாட்டு ஓலையில் இருந்தது என்பதே காரணம்.

அப்படியாயின் ஓலை தாழ்ந்த பொருளா? அன்று. எஞ்சிய எண்பது பாடல்களையும், தொல்காப்பியத்தையும், திருக்குறளையும் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு சுமந்துவந்தது எது? ஓலைதான். நம் வெப்பநாட்டில் ஓர் ஓலைச்சுவடி பொதுவாகச் சில நூற்றாண்டுகளே நிற்கும். ஆகவே இன்று நம்மிடம் உள்ள சங்கநூற் சுவடி எதுவும் சங்கப்புலவர் கைபட்டதன்று. ஏடு நைந்தபோதெல்லாம் எவரோ ஒருவர் அமர்ந்து, எழுத்தெழுத்தாகப் பார்த்து, புதிய ஏட்டில் படியெடுத்தார். அவ்வேடு நைந்தபோது அவர் பேரனோ மாணவனோ மீண்டும் எழுதினான். சுவடியின் இறுதியில் தம் பெயரையும் எழுதி முடித்த நாளையும் குறித்து, பிழை பொறுக்குமாறு வேண்டிக்கொண்டவர் பலர். பெயர் தெரியாமற் போனவர் அவரினும் பலர். கல்லும் ஓடும் தம் வலிமையால் நின்றன. ஓலையோ மனிதரின் அக்கறையால் நின்றது. ஒரு தலைமுறை எழுதத் தவறினாலும் சங்கிலி அறுந்துபோகும். முதற்பத்தும் பத்தாம்பத்தும் அவ்வாறு எங்கோ அறுந்தவையே.

சங்கிலி அறுந்த இடத்தை ஐயரவர்கள் நேரிலேயே கண்டார். கரிவலம்வந்தநல்லூரில் பாண்டிய அரசர் வழிவந்த சுவடிகள் கோயிலில் இருப்பதாகக் கேட்டு அவர் அங்கே சென்றபோது, பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து வேள்வித்தீயில் இட்டுவிட்டதாகக் கூறினார்கள். இட்டவர் பகைவர் அல்லர். புனிதமானவற்றைப் புனிதமான முறையில் நீக்குகின்றோம் என்று நம்பியவர்கள். ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டவர்களும் அவ்வாறே நம்பினர். நினிவேயின் களிமண்ணைக் காத்த அதே நெருப்புக்கு நம் ஓலைகள் இரையாயின. சீனர் எலும்பை மருந்தென்று இடித்ததும் நாம் ஏட்டைப் புனிதமென்று எரித்ததும் ஒரே காரணத்தால் நிகழ்ந்தவை. அதன்மேல் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிந்தவர் அருகில் இல்லை.

ஆகவே மாணவர்களாகிய உங்களிடம் சில வேண்டுகோள்கள் உண்டு. கொங்கு நாட்டு ஊர்களில் புலவர் செ. இராசு போன்றோர் வீடு வீடாகச் சென்று ஓலைகளையும் செப்பேடுகளையும் தேடித் தொகுத்தனர். ஆயினும் பரண்களில் இன்னும் சுவடிகள் இருக்கக்கூடும். நிலப்பத்திரம், மருத்துவம், சோதிடம், வரவுசெலவுக் கணக்கு, கதைப்பாட்டு என எதுவாயினும் அது ஒரு காலத்தின் குரல். கண்டால் நீரால் கழுவ வேண்டா. ஒட்டிக்கொண்ட ஏடுகளை வலிந்து பிரிக்க வேண்டா. சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், தஞ்சைச் சரசுவதி மகால் நூலகம், தமிழ்ப் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் பதப்படுத்தவும் படியெடுக்கவும் அறிந்தவர்கள் உள்ளனர், அவர்களுக்குத் தெரிவியுங்கள். வயலில் எழுத்துள்ள ஓடு கண்டால் அது கிடந்த இடத்தைக் குறித்து அருங்காட்சியகத்தார்க்குச் சொல்லுங்கள். இடம் தெரியாத ஓடு பாதி ஊமையாகிவிடும். கோயிற் சுவரில் எழுத்துள்ள கல்லின்மேல் சுண்ணாம்போ வண்ணமோ பூசுவதைக் கண்டால் பெரியவர்களிடம் எடுத்துரையுங்கள். இயன்றால் பழைய எழுத்துகளைப் படிக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். தமிழ் பிராமியைக் கற்கச் சில நாட்களே போதும்; வட்டெழுத்துக்குச் சற்றுக் கூடுதலாக உழைக்க வேண்டும்.

1578-இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் நூல் அச்சேறியது. அதன்பின் மூன்று நூற்றாண்டுகள் ஓலையும் தாளும் ஒருங்கே வழங்கி, முடிவில் தாளே நிலைத்தது. இன்று தாளும் பின்னே நிற்க, கணினி முன்னே வருகின்றது. கணினியில் சேர்த்தது அழியாது என்று பலர் எண்ணுகின்றனர். கருவி பழையதாகும்போது அதிலுள்ளதைப் புதிய கருவிக்கு மாற்றாவிடில், அடுத்த தலைமுறை அதனைத் திறக்கவும் இயலாது. அந்த வகையில் கணினி கல்லின் இனத்தைச் சேர்ந்ததன்று. ஓலையின் இனத்தைச் சேர்ந்தது. படியெடுக்கும் கை இருக்கும் வரையில்தான் அதிலுள்ள எழுத்தும் இருக்கும். நம் முன்னோர் பனையோலையில் செய்த அப்பணி இனி உங்கள் கைக்கு வருகின்றது.